மருத்துவர் சட்டமன்றம் செல்லும்போது: நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964-இலும், ஹைகிரவுண்டில் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி 1965-இலும் தொடங்கின. அன்று முதல் இந்தச் சீமையின் ஊர்களுக்கு மருத்துவர்கள் தொடர்ந்து கிடைத்து வருகிறார்கள். அவர்களுள் சிலருக்கு, மருந்துச் சீட்டு எழுதுவதோடு நின்றுவிடாமல் சட்டமன்றத்துக்குப் போய் நான்கு காரியம் செய்ய வேண்டும் என்ற எண்ணம் எழுகிறது. அப்படி எண்ணுபவர்களும், அவர்களுக்கு வாக்களிக்கலாமா என்று யோசிப்பவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். மருத்துவர்கள் அரசியலுக்கு வர வேண்டும் என்பது என் விருப்பம். எந்த நோக்கத்தோடு வர வேண்டும் என்பதிலும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பதில்களில் அது வெளிப்படும்.

மருத்துவர்கள் மாநில அரசியலுக்கு வருவது அண்மைக்கால வழக்கமா?

இல்லை. சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் வரலாற்றிலேயே மருத்துவர்களுக்கு முக்கியமான இடம் உண்டு. புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்து, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி, சென்னைச் சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டு 1927-இல் அதன் துணைத் தலைவரானார். நாட்டிலேயே ஒரு சட்டமன்றத்தில் அந்தப் பொறுப்பை ஏற்ற முதல் பெண் அவரே. திருவரங்கத்தைச் சேர்ந்த டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன், ரங்கூனிலும் லண்டனிலும் மருத்துவம் பயின்றவர். இராஜாஜி தலைமையில் 1930 ஏப்ரலில் புறப்பட்ட வேதாரண்யம் உப்பு யாத்திரை, திருச்சியில் இருந்த இவருடைய வீட்டிலிருந்துதான் கிளம்பியது. 1937-இல் அமைந்த இராஜாஜி அமைச்சரவையில் இவர் பொதுச் சுகாதார அமைச்சரானார். அதற்குப் பின் எம்.ஜி.ஆர். காலத்தில் எச்.வி. ஹண்டே, அண்மைக் காலத்தில் சி. விஜயபாஸ்கர் என்று சுகாதாரத் துறையை நடத்திய மருத்துவர்களின் வரிசை நீள்கிறது.

முத்துலட்சுமி ரெட்டியை முன்மாதிரியாகச் சொல்கிறார்கள். மேலவையில் அவர் உண்மையில் என்ன சாதித்தார்?

அவர் அவையில் இருந்த காலம் மிகக் குறுகியது. காந்தியடிகள் 1930-இல் கைது செய்யப்பட்டதும் பதவியைத் துறந்து வெளியேறிவிட்டார். அந்தச் சில ஆண்டுகளில் அவர் பணியாற்றிய முறை, அரசியலுக்கு வர விரும்பும் ஒவ்வொரு மருத்துவரும் ஊன்றிப் படிக்க வேண்டியது.

கோயில்களில் பெண் குழந்தைகளைப் பொட்டுக்கட்டி விடும் தேவதாசி வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று 1927-இல் அவர் தீர்மானம் கொண்டுவந்தார். மருத்துவராக அந்தப் பெண்களின் உடல்நலக் கேட்டை நேரில் கண்டவர் என்பதால், உணர்ச்சியோடு பேசி ஒரே அடியில் தடைச்சட்டம் கேட்டிருக்கலாம். அவரோ அந்தப் பெண்களின் கையில் இருந்த மானிய நிலத்தை முதலில் பார்த்தார். கோயில் ஊழியத்துக்கு ஈடாக வழங்கப்பட்ட நிலம் அது. ஊழியத்தை விட்டால் நிலமும் போய்விடும், நிலம் போனால் சோற்றுக்கு வழியில்லை என்ற நிலையில், எந்தத் தடைச்சட்டம் வந்தாலும் அது அவர்களைத் தெருவில்தான் நிறுத்தியிருக்கும். எனவே 1929-இல் இந்து சமய அறநிலையச் சட்டத்தில் திருத்தம் வரச் செய்து, ஊழியக் கட்டாயம் நீங்கினாலும் நிலம் அவர்களிடமே நிற்கும்படி வழி செய்தார். பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் சட்டம் 1947-இல்தான், அதாவது அவர் அவையை விட்டு வெளியேறிப் பல ஆண்டுகள் கழித்துத்தான், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்தபோது நிறைவேறியது.

நோயின் மூலம் எது, அறிகுறி எது என்று பிரித்துப் பார்த்து, மூலத்துக்கு முதலில் மருந்து கொடுத்த செயல் அது. மருத்துவப் படிப்பு ஒரு சட்டமன்ற உறுப்பினருக்குத் தரக்கூடிய மிகப் பெரிய உதவி இந்தப் பார்வைதான் என்று நான் கருதுகிறேன். பலரும் நினைவில் வைத்திருக்கும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை அவர் 1954-இல், அவையை விட்டு வெளியேறிப் பல்லாண்டுகள் கழித்து, நன்கொடை திரட்டித் தொடங்கினார்.

டி.எஸ்.எஸ். ராஜன் அமைச்சராக இருந்ததன் பயன் நெல்லை மாவட்டத்துக்கு ஏதாவது உண்டா?

நிச்சயமாக உண்டு. அதை இன்றும் உங்கள் தெருவில் பார்க்கலாம். அவர் அமைச்சராக இருந்தபோது நிறைவேறியதுதான் 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம். குடிநீர், கழிவுநீர், தொற்றுநோய் அறிவிப்பு, கொசு ஒழிப்பு, தாய்சேய் நலம், உணவு விடுதிகளின் தூய்மை ஆகிய அனைத்தையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்ததோடு, உள்ளாட்சிகள் தம் வருவாயில் ஒரு பங்கைப் பொதுச் சுகாதாரத்துக்கு ஒதுக்க வேண்டும் என்றும், சுகாதார அலுவலருக்கு இன்னின்ன அதிகாரங்கள் உண்டு என்றும் அது வரையறுத்தது. நாட்டில் இத்தகைய முழுமையான சட்டத்தை முதலில் இயற்றியது நம் மாகாணமே.

2012-இல் கடையநல்லூரிலும் சுற்றுவட்டாரத்திலும் டெங்கு பரவியபோது, சுகாதார ஆய்வாளர் வீட்டுக்குள் வந்து, சிமெண்டுத் தொட்டியின் மூடியைத் தூக்கி, டார்ச் அடித்துப் புழு இருக்கிறதா என்று பார்த்ததும், இருந்தால் வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் கொடுத்ததும் அந்தச் சட்டம் தந்த அதிகாரத்தால்தான். 2020-இல் கொரோனா வந்தபோது முகக்கவசம் அணியாதவருக்கு 200 ரூபாய், பொது இடத்தில் துப்பியவருக்கு 500 ரூபாய் என்று உடனடி அபராதம் விதிக்க அரசு திருத்தியதும் இதே 1939 சட்டத்தைத்தான். ராஜன் 1953-இல் மறைந்தார். இன்று அவர் பெயரை அறிந்தவர் நெல்லையில் மிகச் சிலரே. ஆயினும் அவர் காலத்துச் சட்டம் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

நெல்லைச் சீமையிலிருந்து சட்டமன்றம் சென்ற மருத்துவர்கள் யார்?

பலரும் அறிந்த இருவரைச் சொல்கிறேன். இருவரும் இரு வேறு வழிகளில் வந்தவர்கள்.

மகப்பேறு மருத்துவரான பூங்கோதை ஆலடி அருணா குடும்ப வழியில் அரசியலுக்கு வந்தவர். முன்னாள் சட்ட அமைச்சரான அவருடைய தந்தை ஆலடி அருணா 2004 டிசம்பர் 31 அன்று படுகொலை செய்யப்பட்டார். 2006-இல் ஆலங்குளம் தொகுதியில் தி.மு.க. சார்பில் வென்ற பூங்கோதை, சமூக நலத் துறை அமைச்சரானார். நாட்டிலேயே முதன்முறையாகத் திருநங்கையர் நல வாரியம் 2008 ஏப்ரலில் அமைந்தபோது அந்தத் துறை அவர் பொறுப்பில் இருந்தது. அடுத்த மாதமே பதவி விலகினார். பின்னர் தகவல் தொழில்நுட்பத் துறை அமைச்சராக மீண்டும் பொறுப்பேற்றார். 2011-இல் தோல்வி, 2016-இல் வெற்றி, 2021-இல் மீண்டும் தோல்வி என்று ஆலங்குளம் அவரை ஏற்றும் இறக்கியும் பார்த்திருக்கிறது.

மற்றவர் புதிய தமிழகம் கட்சியின் நிறுவனரான மருத்துவர் க. கிருஷ்ணசாமி. அவர் இயக்க வழியில் வந்தவர். பழைய திருநெல்வேலி மாவட்டத்தில் அடங்கியிருந்து, 1986-இல் தூத்துக்குடி மாவட்டத்துக்குள் போன ஓட்டப்பிடாரம் தொகுதியில் 1996-இலும் 2011-இலும் வென்றார். மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலி உயர்வுக்காக 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் சென்ற ஊர்வலத்தை முன்னின்று நடத்திய தலைவர்களில் அவரும் ஒருவர். காவல்துறையின் தடியடிக்கு அஞ்சி ஓடியவர்கள் தாமிரபரணியில் இறங்க, கைக்குழந்தை உட்பட 17 பேர் உயிரிழந்தார்கள். அந்த நாளை இந்த ஊர் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. தேவேந்திரகுல வேளாளர் என்ற பொதுப்பெயர் வேண்டும் என்று அவரும் பிறரும் நெடுங்காலம் எழுப்பிய கோரிக்கைக்கு 2021-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது.

இவர்களுடைய கட்சிகளையோ நிலைப்பாடுகளையோ எடைபோடுவது இங்கே என் நோக்கம் அன்று. மருத்துவர் என்ற அடையாளம் கதவைத் திறந்துவிடும். உள்ளே போன பிறகு நிற்பதற்குக் கட்சியோ இயக்கமோ வேண்டும். இவ்விருவரின் பயணமும் அதைத்தான் காட்டுகிறது.

அரசு மருத்துவர் வேலையில் இருந்துகொண்டே தேர்தலில் நிற்கலாமா?

நிற்க முடியாது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973, அரசியல் கட்சியில் சேர்வதையும் பிரசாரம் செய்வதையும் தடுக்கின்றன. அரசமைப்புச் சட்டத்தின் 191-ஆம் பிரிவு, ஆதாயப் பதவி வகிப்பவரை உறுப்பினராவதற்குத் தகுதியற்றவர் என்கிறது. பணி விலகல் கடிதம் கொடுத்தால் மட்டும் போதாது. அது ஏற்கப்பட்டதற்கான ஆணை வேட்புமனு பரிசீலனைக்கு முன் கையில் இருக்க வேண்டும். மேற்படிப்புக்காக அரசுக்குப் பணிப் பத்திரம் எழுதிக் கொடுத்தவர்கள், அந்தக் கடப்பாடு தீர்ந்திருக்கிறதா என்பதை ஓராண்டுக்கு முன்பே சரிபார்த்துக்கொள்வது நல்லது. தேர்தல் அறிவித்த பின் ஓடினால் கோப்பு நகராது.

தனியார் மருத்துவமனை நடத்துபவர்களுக்கு வேறொரு கவனம் தேவை. அரசுக்குப் பொருள் வழங்கும் ஒப்பந்தமோ, அரசுப் பணியை எடுத்துச் செய்யும் ஒப்பந்தமோ நடப்பில் இருந்தால், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 9ஏ பிரிவு தகுதியிழப்பைக் கொண்டுவரும். மருந்து அல்லது கருவி விநியோகத்தில் பங்குள்ளவர்கள் வழக்கறிஞரைக் கலந்துவிட்டே வேட்புமனு தாக்கல் செய்ய வேண்டும்.

மற்றத் தகுதிகளும் செலவு வரம்பும் என்ன?

வயது 25 நிறைந்திருக்க வேண்டும். மாநிலத்தின் ஏதேனும் ஒரு தொகுதியில் வாக்காளராக இருக்க வேண்டும். காப்புத்தொகை பொதுவாக 10,000 ரூபாய். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 5,000 ரூபாய். தோற்பவர் பதிவான செல்லுபடியாகும் வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெறாவிட்டால் அது திரும்பாது. தமிழ்நாடு போன்ற பெரிய மாநிலங்களில் சட்டமன்ற வேட்பாளருக்கான செலவு வரம்பு 2022-இல் 40 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. சொத்து, கடன், வழக்கு, கல்வி ஆகியவற்றைப் படிவம் 26-இல் உறுதிமொழியாகத் தர வேண்டும்.

தேர்தல் நேரத்தில் இலவச மருத்துவ முகாம் நடத்தினால் தவறா?

தேர்தல் அறிவிக்கப்பட்ட நாள் முதல் நன்னடத்தை விதிகள் நடைமுறைக்கு வந்துவிடுகின்றன. அதற்குப் பின் வேட்பாளர் பெயரிலோ கட்சிக் கொடியோடோ முகாம் நடத்துவது, வாக்காளருக்குக் கையூட்டுக் கொடுத்ததாகக் கருதப்பட்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆம் பிரிவின் கீழ் தேர்தல் வழக்கில் போய் முடியலாம்.

சட்டத்தை விட்டுவிட்டு மருத்துவ அறத்தின் பக்கம் வருவோம். 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள், நோயாளிகளைத் தம்பக்கம் இழுக்க விளம்பரம் செய்வதைத் தடுக்கின்றன. நோயாளியின் இரகசியத்தைக் காக்கும் கடமையையும் விதிக்கின்றன. ஆலோசனை அறையில் எழுதிவைத்த செல்பேசி எண்களைத் தேர்தல் அலுவலகத்துக்குக் கொடுத்து வாக்குக் கேட்கும் குறுஞ்செய்தி அனுப்புவது, சட்டத்தின் எந்த இடுக்கில் நுழைந்தாலும், நோயாளி வைத்த நம்பிக்கையைத் தவறாகப் பயன்படுத்துவதுதான். மனநலச் சிகிச்சைக்கும் கருத்தரிப்புச் சிகிச்சைக்கும் யாருக்கும் தெரியாமல் வந்து போனவர்களின் பெயர்கள் அந்தப் பதிவேட்டில் இருக்கின்றன. ஆதலால் அந்தப் பதிவேடு எக்காரணம் கொண்டும் மருத்துவமனையை விட்டு வெளியே போகக் கூடாது.

கைராசியான மருத்துவருக்கு நோயாளிகள் வாக்களிப்பார்கள் அல்லவா?

சிலர் வாக்களிப்பார்கள். அதை மட்டும் நம்பி இறங்குவது பெரும் தவறு. சட்டமன்றத் தொகுதியில் இரண்டு, இரண்டரை லட்சம் வாக்காளர்கள் இருக்கிறார்கள். எத்தனை பெரிய கைராசிக்காரராக இருந்தாலும் அவர்களில் சிறு பகுதியினரைத்தான் அவர் தொட்டுப் பார்த்திருப்பார். கட்சி, சின்னம், கூட்டணி, சாதிக் கணக்கு, வாக்குச்சாவடி முகவர்கள் ஆகியவைதான் மீதியைத் தீர்மானிக்கின்றன. 1980-இல் அண்ணா நகரில் மு. கருணாநிதியை எதிர்த்து நின்ற ஹண்டே, 699 வாக்குகளில் தோற்றார். அத்தனை நெருங்கி வந்ததற்குக் கட்சியும் அலையும் பெருங்காரணம். தோற்ற பின்னும் அவர் எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் சுகாதார அமைச்சரானார் என்பது வேறு செய்தி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆலோசனை அறையில் மருத்துவர் சொல்வதை நோயாளி மறுத்துப் பேசுவதில்லை. ஆனால் கிராமத்துத் திண்ணையில் உட்கார்ந்து வாக்குக் கேட்கும்போது எல்லாரும் மறுத்துப் பேசுவார்கள், போன ஐந்தாண்டுக் கணக்கையும் கேட்பார்கள். முதல் தேர்தலில் மருத்துவர்கள் பலர் இடறுவது இங்கேதான். பொறுமையாகக் கேட்பதை அவர்கள் தொழிலில் பழகியிருக்கிறார்கள். எதிர்த்துப் பேசுபவரிடம் பொறுமை காட்டுவதைப் புதிதாகப் பழக வேண்டும்.

வென்ற பிறகும் மருத்துவம் பார்க்கலாமா?

சட்டமன்ற உறுப்பினர் தம் தொழிலைத் தொடரத் தடை இல்லை. தமிழ்நாடு மருத்துவக் கழகத்தில் பதிவைப் புதுப்பித்துக்கொண்டே வர வேண்டும். அமைச்சரானால் நிலை வேறு. அமைச்சர்களுக்கான நடத்தை விதிகள், தொழில் நிறுவனத்தின் நிர்வாகத்திலிருந்து விலகியிருக்கும்படி சொல்கின்றன. சுகாதாரத் துறையே கையில் இருக்கும்போது சொந்த மருத்துவமனையும் நடத்துவது, விதி என்ன சொன்னாலும், முறையாகாது.

சாதாரண உறுப்பினராக இருக்கும் மருத்துவரால் என்ன செய்ய முடியும்?

நிறையச் செய்ய முடியும். அதிகம் பேசப்படாத பகுதியும் இதுதான். தமிழ்நாட்டில் 234 உறுப்பினர்கள். முதல்வர் உட்பட அமைச்சர்கள் 35 பேருக்கு மேல் இருக்க முடியாது. ஆக, வென்று செல்லும் மருத்துவர் அமைச்சராகாமல் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

அவர் கையில் இருக்கும் முதல் கருவி வினா. “எங்கள் தொகுதியில் மருத்துவர்கள் போதவில்லை, அரசு ஆவன செய்யுமா?” என்று கேட்டால், “ஆவன செய்யப்படும்” என்று பதில் வரும், அத்தோடு முடிந்தது. மருத்துவர் அப்படிக் கேட்கக் கூடாது. இன்ன ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்பளிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை, நிரம்பிய இடங்களில் மாற்றுப் பணியில் வேறிடம் அனுப்பப்பட்டவர் எத்தனை பேர், அறுவை அரங்கு இருந்தும் மயக்க மருந்து நிபுணர் இல்லாததால் எத்தனை கர்ப்பிணிகள் ஹைகிரவுண்டு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பப்பட்டார்கள் என்று கேட்க வேண்டும். தாளில் மருத்துவர் இருப்பார். ஆள் வேறு ஊரில் இருப்பார். துறையின் உள்ளே இருந்து பார்த்தவருக்குத்தான் அந்த மூன்றாவது கேள்வி தோன்றும்.

அடுத்தது மானியக் கோரிக்கை விவாதம், அதாவது துறைக்கு வேண்டிய நிதியைக் கேட்டு அவையில் நடக்கும் விவாதம். அன்று அவையில் வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்பைப் புள்ளி புள்ளியாகப் படித்து, சென்ற ஆண்டுக் குறிப்போடு ஒப்பிட்டுப் பேசுபவர் சிலரே. 1994-இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி மாவட்டக் கிடங்குகள் வழியாக வழங்குகிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் எவ்வளவு மதிப்புக்கு மருந்து எடுக்கலாம் என்பதற்குக் கணக்குப் புத்தகம் உண்டு. அந்தக் கணக்கைப் படிக்கத் தெரிந்த ஓர் உறுப்பினர், சர்க்கரை மாத்திரை ஏன் மாதக் கடைசியில் தீர்ந்துபோகிறது என்பதற்கு விடை தேட முடியும்.

அதற்குப் பின் குழுக்கள். பொதுக் கணக்குக் குழு தணிக்கை அறிக்கையை வைத்து அதிகாரிகளை நேரில் கேட்கிறது. உறுதிமொழிக் குழு, அவையில் அமைச்சர் தந்த வாக்குறுதி நிறைவேறியதா என்று பின்தொடர்கிறது. தொலைக்காட்சியில் வராத வேலைதான் இது. ஆனாலும் பொறுமையுள்ள மருத்துவருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் ஒரே நாளில் திறக்கப்பட்டபோது அந்தப் பட்டியலில் அது இல்லை. மருத்துவக் கல்லூரி வேண்டும் என்ற கோரிக்கையை எல்லா உறுப்பினர்களும் எழுப்புவார்கள். கல்லூரி வரும்வரை மாவட்டத் தலைமை மருத்துவமனையில் எந்தெந்தச் சிறப்புப் பிரிவுகளை உடனே தொடங்கலாம் என்று வரிசைப்படுத்திச் சொல்வது மருத்துவரின் வேலை.

மாநில அரசின் கையில் இல்லாத சுகாதாரச் சிக்கல்களும் உண்டே?

உண்டு. பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. மருத்துவக் கல்வி பொதுப் பட்டியலில் இருக்கிறது. நீட் விலக்குக் கோரும் மசோதாவைச் சட்டமன்றம் 2021-இல் நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பியனுப்பியதும் 2022 பிப்ரவரியில் மீண்டும் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. அதே சமயம், அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தரும் 2020 சட்டம் மாநில எல்லைக்குள் நின்று வென்றது. எது நம் கைக்கு எட்டும் என்று தெரிந்து அடிப்பதும் ஒரு திறமை.

எங்கள் பகுதியில் இதற்குக் கண்முன் உள்ள எடுத்துக்காட்டு பீடித் தொழில். முக்கூடல், கடையம், ஆலங்குளம், மேலப்பாளையம் என்று எங்கே போனாலும் வாசற்படியில் பெண்கள் சொளவை (முறத்தை) மடியில் வைத்துக்கொண்டு, அளவாகக் கத்தரித்த இலையில் தூளை வைத்துச் சுற்றி, நுனியை மடித்து நூல் கட்டுவதைப் பார்க்கலாம். குனிந்த கழுத்து நிமிர்வதில்லை. தூள் மூக்கிலும் சேலையிலும் படிகிறது. அருகில் உறங்கும் குழந்தையின் பாயிலும் படிகிறது. இருமலுக்கும் முதுகுவலிக்கும் இந்தப் பெண்கள் மருத்துவரிடம் வருகிறார்கள். அவரோ மாத்திரை எழுதித் தருகிறார். மறுநாள் அதே சொளவு, அதே தூள். பீடித் தொழிலாளர் நல நிதிக்கான தீர்வை ஜி.எஸ்.டி. வந்த 2017-இல் நீக்கப்பட்டது. முக்கூடலில் உள்ள பீடித் தொழிலாளர் மருத்துவமனை மத்திய அரசின் தொழிலாளர் நல அமைப்பைச் சேர்ந்தது. இந்த இரண்டும் சட்டமன்றத்தின் அதிகாரத்துக்கு வெளியே இருப்பவை. ஆனால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடுவீடாகச் செல்லும் பணியாளர், இரத்த அழுத்தத்தோடு சேர்த்து இந்தப் பெண்களின் நுரையீரலையும் கவனிக்க ஏற்பாடு செய்வதும், மாற்றுத் தொழில் பயிற்சி கேட்பதும் மாநில எல்லைக்குள் அடங்கும். அதைக் கேட்கும் உறுப்பினர் ஒருவர் எங்களுக்குத் தேவை.

கேரள மருத்துவக் கழிவு விவகாரத்தில் சட்டமன்ற உறுப்பினருக்கு என்ன பங்கு?

2024 டிசம்பரில் நடுக்கல்லூர், கொடகநல்லூர் வட்டாரத்தில் கேரள மருத்துவமனைக் கழிவுகள் கொட்டப்பட்டது அம்பலமாகி, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு உத்தரவிட்ட பின் கேரள அரசே லாரிகளில் திரும்ப அள்ளிச் சென்றது. 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி, சுத்திகரிக்காத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. பைகளில் பட்டைக்குறி (பார்கோடு) இருக்க வேண்டும். அந்தப் பட்டைக்குறி வழியாகக் கழிவு எங்கிருந்து புறப்பட்டது என்பதைக் கண்டறியலாம் என்பதை மருத்துவரான உறுப்பினர் அறிவார். கேரள எல்லையில் உள்ள புளியரைச் சோதனைச் சாவடியில் லாரிகளை எப்படிச் சோதிக்கிறார்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அங்கே ஆள் உண்டா என்று கவன ஈர்ப்புத் தீர்மானம் கொண்டுவருவது அவரால் இயலும். நம் மாவட்டத்து மருத்துவமனைகள் தங்கள் கழிவை எங்கே அனுப்புகின்றன என்பதையும் அதே மூச்சில் கேட்க வேண்டும். அப்போதுதான் அவருடைய சொல்லுக்கு எடை இருக்கும்.

மலைப்பகுதி மக்களுக்கு?

மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து போன்ற தோட்டக் குடியிருப்புகளும், காரையாறு, இஞ்சிக்குழிப் பக்கத்துக் காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளும் அம்பாசமுத்திரம் தொகுதியில் அடங்குகின்றன. சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்றால், மலையில் 20,000 பேருக்கு ஒன்று என்பது தேசிய அளவுகோல். அந்தக் கணக்கிலும் இந்தச் சிறு குடியிருப்புகள் விழுந்துவிடுகின்றன. தலைக்கணக்கை விட்டு, நடந்தோ ஜீப்பிலோ மருத்துவமனை வந்து சேர ஆகும் நேரத்தை அளவுகோலாக வைக்கும்படி அவையில் வாதாட வேண்டும். இங்கே வாக்குகள் குறைவு. ஆகவே மனச்சாட்சியுள்ள ஒருவர்தான் இதை எடுத்துப் பேசுவார்.

சுகாதார அமைச்சர் மருத்துவராகத்தான் இருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. காமராசர் காலத்து மதிய உணவுத் திட்டம் எட்டயபுரத்தில் தொடங்கியது. அது அன்று திருநெல்வேலி மாவட்டம். எம்.ஜி.ஆர். 1982-இல் அதைச் சத்துணவாக விரிவாக்கினார். தமிழ்நாட்டுக் குழந்தைகளின் உடல்நலத்துக்கு இவ்விரண்டையும் விடப் பெரிய மருந்து எழுதிய மருத்துவர் யாரும் இல்லை. மருத்துவர் அமைச்சரானால் துறையின் மொழி புரியும், அதிகாரி சொல்லும் காரணத்தில் எது உண்மை என்று தெரியும். ஆனால் மருத்துவமனைக் கட்டடத்தையும் கருவியையும் மட்டுமே பார்த்து, குடிநீர், சாக்கடை, சோறு ஆகியவற்றை மறந்துவிடும் ஆபத்தும் அவருக்கு உண்டு. ராஜனின் 1939 சட்டத்தைப் படித்தால் அந்த மறதி வராது.

தோற்றுவிட்டால் பழைய தொழிலுக்குத் திரும்ப முடியுமா?

முடியும். தனியார் மருத்துவருக்குத் தடையில்லை. அரசுப் பணியை விட்டவருக்கு அந்த இடம் திரும்பக் கிடைக்காது. குடும்பத்தோடு உட்கார்ந்து பேசி இதை முடிவு செய்ய வேண்டும். திரும்பி வருபவரிடம் எதிர்க்கட்சிக்காரரும் சிகிச்சைக்கு வருவார். தேர்தல் மேடையில் பேசிய பேச்சு, அவர் தயங்காமல் வாசல் ஏறி வருமாறு இருந்திருக்க வேண்டும்.

இப்போது படித்துக்கொண்டிருக்கும் மாணவர் எங்கிருந்து தொடங்கலாம்?

சமுதாய மருத்துவப் பாடத்தைத் தேர்வுக்காக மட்டும் படிக்காதீர்கள். பயிற்சி மருத்துவராகக் கிராமச் சுகாதார நிலையத்தில் பணியாற்றும் நாட்களில், கிராம சுகாதார செவிலியரோடு ஒரு முழு நாள் வீடுவீடாக நடந்து பாருங்கள். சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கூடும் கிராம சபைக்குச் சென்று கடைசி வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். குடிநீர்க் குழாய்க்கும் தெருவிளக்குக்கும் நடக்கும் வாக்குவாதத்தில் அந்த ஊரின் நோய்ப் பட்டியலும் வெளிப்படும். சுகாதாரத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு ஆண்டுதோறும் தமிழில் வெளியாகிறது. அதில் உங்கள் மாவட்டத்தின் பெயர் வரும் இடங்களை எல்லாம் அடிக்கோடிட்டு, நேரில் போய்ச் சரிபாருங்கள். பொருந்தாத இடத்தைக் குறித்துக்கொண்டு உங்கள் தொகுதி உறுப்பினரிடம், அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், கொண்டுபோய்க் கொடுத்து அவையில் கேட்கச் சொல்லுங்கள்.